எத்தனை தேவதாஸ்கள்!

புகழ் பெற்ற நாவல் ஒன்று படமாகிறது என்ற செய்தி வந்ததும் ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். நாவலைப் படித்தவர்கள் ஒரு கட்சி. படிக்காதவர்கள் மற்றொரு கட்சி. படிக்காதவர்கள் பாக்கியசாலிகள். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், கண்ணில் பட்டதைப் பார்த்து, காதில் விழுந்ததைக் கேட்டு, அழ வேண்டிய இடத்தில் அழுதுவிட்டு வீடு திரும்புகிறார்கள். படித்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். கொட்டகைக்கு வரும்போதே அவர்கள் தங்கள் மனத்துக்குள் ஒரு படம் எடுத்து முடித்துக்கொண்டு வருகிறார்கள். அந்தப் படத்துக்குச் செலவு கிடையாது. அதில் நடிக்கிறவர்கள் சம்பளம் கேட்பதில்லை. கதாநாயகியின் முகம் அவரவர் விரும்பியபடியே அமைந்திருக்கிறது. அப்படிப்பட்ட படத்தோடு எந்த டைரக்டர் போட்டியிட்டு ஜயிக்க முடியும்? "புத்தகத்தில் இப்படி இல்லையே!" என்று பக்கத்து நாற்காலியில் ஒருவர் முணுமுணுத்தால், அவரைக் கோபித்துக்கொள்ளவும் நமக்கு மனம் வருவதில்லை, முழுவதும் ஒப்புக்கொள்ளவும் முடிவதில்லை.

நமது தேசத்தில் இந்தச் சோதனைக்குத் திரும்பத் திரும்ப ஆளான நாவல் ஒன்று உண்டு. அது மிகச் சிறிய புத்தகம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கையில் எடுத்தால் விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடலாம். 1928-ல் அது ஊமைப்படமாயிற்று. 1935-ல் பேசும்படமாகி வங்காளத்தையே அழவைத்தது. அதன் பிறகு ஹிந்தியிலும் தமிழிலும் தெலுங்கிலும் பேசியது, பாடியது. 2002-ல் அரண்மனைகளுக்குள் குடியேறி நாட்டியமும் ஆடியது. சரத் சந்திர சட்டோபாத்தியாயரின் 'தேவதாஸ்' நாவலைத்தான் சொல்லுகிறோம். இத்தனை டைரக்டர்கள் இந்தச் சின்னப் புத்தகத்திலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று பார்த்தால், சோக நாவல் ஒன்றைப் படமாக்குவது எவ்வளவு சங்கடமான காரியம் என்பது விளங்கும்.

தயங்கிய ஆசிரியர்

சரத் சந்திரர் 1876-ல் வங்காளத்தில் ஹூக்ளி ஜில்லாவைச் சேர்ந்த தேவானந்தபூர் என்னும் கிராமத்தில் பிறந்தார். வறுமையை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை; வீட்டிலேயே தெரிந்துகொண்டார். 1903-ல் பிழைப்பைத் தேடி ரங்கூனுக்குப் போய், அங்கே கணக்கு இலாகாவில் குமாஸ்தா வேலை பார்த்தார். 1916-ல்தான் தாய்நாடு திரும்பினார். பிற்காலத்தில் ஹௌரா ஜில்லாக் காங்கிரஸின் தலைவராக இருந்ததும், அவருடைய 'பாதேர் தாபி' என்ற நாவலை வெள்ளைக்கார சர்க்கார் பறிமுதல் செய்ததும் பலருக்குத் தெரிந்த விஷயங்கள்.

'தேவதாஸ்' அவர் ரங்கூனுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்பே, 1900-ஆம் வருஷத்தை ஒட்டி, இருபத்துநாலு இருபத்தைந்து வயதில் எழுதியது. புத்தகமாக வெளிவந்ததோ 1917-ல். நடுவே கழிந்த பதினைந்து வருஷங்களுக்கு மேலாக அது வெறும் கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. அதை அச்சிடலாமென்று நண்பர்கள் சொன்னபோது ஆசிரியரே மிகவும் தயங்கினார். தமது இளமைக்காலத்து அவசரம் அதில் இருப்பதாக அவருக்கு எண்ணம். அவர் வெளியிடத் தயங்கிய கதைதான் இன்று அவர் பெயரைச் சொன்னவுடன் முதலில் நினைவுக்கு வருகிறது. தாம் பெற்ற பிள்ளைகளில் எது பெயர் எடுக்கும் என்று தாய்க்கே தெரிவதில்லையல்லவா?

ஓர் இரவு

கதையை மறந்துவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். தால்சோனாபூர் ஜமீன்தார் நாராயண முகர்ஜியின் இளைய மகன் தேவதாஸ். அண்டை வீட்டுச் சக்கரவர்த்தியின் மகள் பார்வதி. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே மாந்தோப்பில் விளையாடி, அடித்துக்கொண்டும் அழுதுகொண்டும் வளர்ந்தவர்கள். பையனைப் படிப்புக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெண்ணுக்குக் கலியாண வயது வந்ததும் அவளுடைய பாட்டி ஜமீன்தார் வீட்டில் பேச்செடுக்கிறாள். ஜமீன்தார் வீட்டார் மறுத்துவிடுகிறார்கள். சக்கரவர்த்தி குடும்பம் பெண்ணைக் கொடுத்துப் பணம் வாங்குகிற குடும்பம் என்பது ஒரு காரணம். அடுத்த வீட்டிலேயே சம்பந்தம் செய்வதா என்பது இன்னொரு காரணம்.

அதன் பிறகு ஓர் இரவு. ஊர் அடங்கிய நேரத்தில் பார்வதி தன்னந்தனியே ஜமீன்தார் வீட்டுக்குள் நுழைந்து, தேவதாஸின் அறைக்கு வந்து, தன்னை ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறாள். தன் மானத்தையே பணயமாக வைத்து வந்தவளிடம் அவன் என்ன கேட்கிறான்? யாராவது பார்த்துவிட்டார்களா என்று கேட்கிறான்! கதை முழுவதும் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. மறுநாள் தகப்பனாரிடம் பேசிப் பார்க்கிறான். அவர் சீறியதும் கல்கத்தாவுக்குப் போய்விடுகிறான். அங்கிருந்து, பார்வதியிடம் தனக்கு அப்படியொன்றும் விசேஷமான அன்பு இருந்ததில்லை என்ற பொருள்பட ஒரு கடிதம் எழுதுகிறான். கடிதம் தபாலில் போன பிறகுதான் தான் எழுதியது பொய் என்பது அவனுக்கே தெரிகிறது.

ஓடோடி ஊர் திரும்புகிறான். ஆனால் பார்வதி இப்போது பழைய பார்வதி அல்ல. உனக்குத் தாய் தகப்பன் இருப்பதுபோல் எனக்கும் இருக்கிறார்கள் என்கிறாள். தேவதாஸ் கையிலிருந்த தூண்டிற்கோலால் அவளை அடித்துவிடுகிறான். நெற்றியில் மாறாத வடு விழுகிறது. பிறகு அவள், தன்னைவிட மூத்த பிள்ளைகளை உடைய புவன் சௌதுரி என்னும் ஹாதிபோதா ஜமீன்தாருக்கு இரண்டாந்தாரமாகப் போகிறாள். தேவதாஸ், சுனிலால் என்ற நண்பனுடன் சந்திரமுகி என்னும் தாஸியின் வீட்டுக்கும், அங்கிருந்து மதுவுக்கும் போகிறான். அவளையும் வெறுக்கிறான், தன்னையும் வெறுக்கிறான். அந்த வெறுப்பே சந்திரமுகியின் மனத்தை மாற்றுகிறது. அவள் தன் தொழிலை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போய் எளிய வாழ்வு வாழ்கிறாள். சாவதற்கு முன் ஒரு தடவை உன் வாசலுக்கு வருவேன் என்று பார்வதிக்குக் கொடுத்த வாக்கை மாத்திரம் தேவதாஸ் காப்பாற்றுகிறான். வாழ்க்கையில் அவன் நேரத்தோடு செய்த காரியம் அது ஒன்றுதான் என்று சொல்லலாம். அதுவும் முழுவதும் நேரத்தோடு நடக்கவில்லை.

காமிராவுக்கு எட்டாதவை

இந்தக் கதையில் சினிமாக்காரருக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. இரண்டு அழகிகள், குடி, பாட்டு, ரயில், மரணம். ஆகையால்தான் இத்தனை பேர் அதன் மேல் பாய்ந்தார்கள். ஆனால் கதையின் உயிர் இவற்றில் இல்லை. அந்த உயிரைக் காமிரா முன் நிறுத்துவதில் மூன்று சங்கடங்கள் இருக்கின்றன.

முதலாவது, கதாநாயகன் ஒன்றும் செய்யாதவன். படத்தில் கதாநாயகன் வில்லனோடு சண்டை போட வேண்டும்; இல்லாவிட்டால் விதியோடாவது போராட வேண்டும். தேவதாஸுக்கு வில்லனே கிடையாது. அவனுடைய தாமதந்தான் வில்லன். பேச வேண்டிய வேளையில் பேசாமல் இருப்பதையும், முடிவு செய்ய வேண்டிய வேளையில் ரயில் ஏறிவிடுவதையும் நாவலாசிரியர் ஒரு பக்கத்தில் விளக்கிவிடலாம். காமிராவுக்கோ மனம் தெரிவதில்லை, முகந்தான் தெரிகிறது.

இரண்டாவது, காலமும் வயதும். நாவலில் பார்வதிக்குப் பதின்மூன்றாவது வயது. நள்ளிரவில் தன் விதியைத் தானே தீர்த்துக்கொள்ள வருகிறவள் ஒரு சிறுமி! அந்தச் சிறுமிக்கு உள்ள தைரியத்தில் கால்வாசி கூட, கல்கத்தாவில் படித்த அந்த வாலிபனுக்கு இல்லை. பெண்களுக்குக் கலியாண வயது பதினாலு என்று விதித்த சாரதா சட்டம் 1929-ல் நிறைவேறியது. அதன் பின் வந்த பேசும்படங்களில் பார்வதி வளர்ந்த யுவதியாகவே தோன்றுகிறாள். அது இயல்புதான். ஆயினும், வளர்ந்த பெண் வந்து நிற்கும்போது அது காதற் காட்சியாகிவிடுகிறது. குழந்தை வந்து நின்றபோது அது நம் சமூகத்தின் மேல் கொண்டுவந்த குற்றச்சாட்டாக இருந்தது.

மூன்றாவது சங்கடம் எல்லாவற்றிலும் பெரியது. நாவலில் மூன்று பேர் மாத்திரம் இல்லை. நாலாவதாக ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஆசிரியர். சரத் பாபு தம் கதாநாயகன் மேல் இரக்கப்படுகிறார். ஆனால் ஒரு கணமும் அவனை மெச்சவில்லை. கடைசியில் கதையை நிறுத்திவிட்டு வாசகர்களைப் பார்த்தே பேசுகிறார். தேவதாஸைப் போன்ற தன்னடக்கமில்லாத பாவி யாரையேனும் அறிந்தால் அவனுக்காகப் பிரார்த்தியுங்கள், அவனுக்கு நேர்ந்ததுபோன்ற சாவு மட்டும் வேறு யாருக்கும் நேர வேண்டாம் என்று வேண்டுகிறார். இந்த நாலாவது ஆளுக்குப் படத்தில் வேஷம் கொடுப்பது எப்படி? அவர் வெளியேறிவிட்டால், மிச்சம் இருப்பது அழகான முகத்தோடு குடித்துச் சாகும் ஓர் இளைஞன்தான்.

பரூவாவின் ரயில்

1928-ல் நரேஷ் மித்ரா ஊமைப்படமாக எடுத்ததை முதல் முயற்சி என்ற அளவில் குறிப்பிட்டுவிட்டு, 1935-க்கு வருவோம். கல்கத்தாவில் பி. என். ஸர்க்கார் 1931-ல் ஸ்தாபித்த நியூ தியேட்டர்ஸ் கம்பெனி, நல்ல நாவல்களைப் படமாக்குவதில் பெயர் பெற்றிருந்தது. அங்கே வந்து சேர்ந்தவர் பிரமதேஷ் சந்திர பரூவா. அஸ்ஸாமில் கௌரீபூர் ஜமீனின் ராஜகுமாரர் அவர். ஜமீன்தார் வீட்டுப் பிள்ளையின் கதையை ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை ஒருவரே டைரக்ட் செய்து, வங்காளிப் படத்தில் தாமே தேவதாஸாகவும் நடித்தார். ஜமுனா பார்வதியாகவும், சந்திராவதி தேவி சந்திரமுகியாகவும் நடித்தார்கள்.

அந்தக் காலத்துப் பேசும்படங்களில் நடிகர்கள் பேசுவதில்லை, முழங்குவார்கள். நாடக மேடையின் கடைசி வரிசைக்கு எட்டவேண்டிய குரலை மைக்கின் முன்னாலும் எழுப்புவார்கள். பரூவா அந்த வழக்கத்தை விட்டார். தணிந்த குரலில், வீட்டில் பேசுவதுபோல் பேசினார். கையை வீசவில்லை, மார்பில் அறைந்துகொள்ளவில்லை. பேசாமல் இருந்தே கெட்டுப்போன ஒருவனுக்கு அந்த அடக்கம் எவ்வளவு பொருத்தம்!

இன்னொரு காரியமும் செய்தார். மரணத் தறுவாயில் தேவதாஸ் ரயிலில் போகிறான். ஜன்னி வேகத்தில் பார்வதியை அழைக்கிறான். எங்கேயோ தூரத்தில் தன் வீட்டில் இருக்கும் பார்வதி அதே கணத்தில் இடறி விழுகிறாள். இங்கே அவன் படுக்கையிலிருந்து கீழே விழுகிறான். இரண்டு இடங்களையும் மாற்றி மாற்றிக் காட்டி, அவ்விருவருக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பரூவா துடைத்துவிட்டார். நாவலாசிரியரின் வாக்கியம் ஒன்றையும் அவர் இங்கே கடன் வாங்கவில்லை. வாக்கியம் செய்யவேண்டிய வேலையைக் கத்தரிக்கோலால் செய்தார். நாவலைப் படமாக்குவது என்பதற்கு நல்ல உதாரணம் வேண்டுமானால் இதைச் சொல்லலாம். நாவலில் உள்ளதை அப்படியே நகல் எடுப்பவன் எழுத்துக்கு விசுவாசமாக இருக்கலாம். உணர்ச்சிக்கு விசுவாசமாக இருக்க, சில வேளைகளில் நாவலில் இல்லாததைச் செய்யவேண்டியிருக்கிறது.

பாடாதவன் பாடினான்

வங்காளிப் படத்தை அடுத்து அதே கம்பெனியும் அதே டைரக்டரும் ஹிந்தியில் எடுத்தார்கள். ஹிந்தித் தேவதாஸ் குந்தன்லால் ஸைகல். ஜம்முவில் பிறந்து, ஒரு காலத்தில் டைப்ரைட்டர் விற்றுக்கொண்டிருந்தவர். சங்கீதத்தை முறையாகக் கற்ற வித்வான் அல்ல. ஆனால் அந்தக் குரலைக் கேட்டவர்கள், இலக்கணம் தெரியாதவன் எப்படி இவ்வளவு சுத்தமாகப் பேசுகிறான் என்று திகைத்தார்கள்.

நாவலில் தேவதாஸ் பாடகன் அல்ல. ஹிந்திப் படத்தில் பாடுகிறான். இது குற்றமா? அல்ல என்றே நமக்குத் தோன்றுகிறது. நாவலாசிரியர் தேவதாஸின் மனத்துக்குள் புகுந்து எழுதின பக்கங்களுக்கு ஈடாகச் சினிமாவில் ஒன்று வேண்டியிருந்தது; ஸைகலின் பாட்டு அந்த ஈடாயிற்று. அவர் ஊருக்குக் கேட்கப் பாடவில்லை. தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்வதுபோல் பாடினார். வாய் திறந்து சொல்லத் தெரியாதவன், சொல்லவேண்டிய காலம் கழிந்த பிறகு, கேட்கவேண்டியவள் கேட்காத இடத்தில் பாடுகிறான்! பாட்டுச் சேர்த்தால் கதை கெட்டுப்போகும் என்று சொல்லுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எந்தப் பாட்டு என்பதும் எந்த இடத்தில் என்பதுந்தான் கேள்வி.

ஆனால் இதில் ஆபத்தும் இருந்தது. சோகம் அவ்வளவு இனிமையாக ஒலித்தால், அந்தச் சோகத்தின் மேலேயே ஆசை பிறந்துவிடுகிறது. 1947 ஜனவரியில் ஸைகல் மறைந்தார். அவர் குரலின் மயக்கம் மறையவில்லை. கதையில் ஆசிரியர் இரங்கச் சொன்னார். கொட்டகையில் இளைஞர்கள் அவனைப்போல ஆகத் தொடங்கினார்கள்.

தெற்கே வந்த தேவதாஸ்

வங்காளி நாவல்கள் தமிழ் வீடுகளுக்குப் புதியவை அல்ல. த. நா. குமாரஸ்வாமி முதலியவர்கள் வங்காளியைக் கற்று நேரே மொழிபெயர்த்துத் தந்ததால், பல வீடுகளில் சரத் சந்திரரைத் தமிழாசிரியர் என்றே நினைத்துப் படித்தார்கள். 1930-களிலேயே பி. வி. ராவ் தமிழில் ஒரு 'தேவதாஸ்' எடுத்தார். ஆனால் தென்னாட்டார் உள்ளத்தில் நிலைத்தது 1953-ல் வந்த படந்தான். வினோதா பிக்சர்ஸ் சார்பில் டி. எல். நாராயணா தயாரித்து, வேதாந்தம் ராகவய்யா டைரக்ட் செய்து, தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே எடுக்கப்பட்டது அது. தெலுங்குப் படம் ஜூன் மாதமும் தமிழ்ப் படம் செப்டம்பர் மாதமும் வெளிவந்தன. நாகேஸ்வர ராவ் தேவதாஸ், ஸாவித்திரி பார்வதி, லலிதா சந்திரமுகி.

குடித்தவனைப்போல் நடிப்பது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். தள்ளாடினால் போதும், நாக்குக் குழறினால் போதும் என்பது அவர்கள் அபிப்பிராயம். நாகேஸ்வர ராவோ அந்தக் காட்சிகளை இரவு வேளையில், தயிர் சாதம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, தூக்கம் அழுத்தும் கண்களோடு நடித்ததாகப் பின்னாளில் சொன்னதுண்டு. அந்தச் சொருகிய கண்களைப் பார்த்து எத்தனையோ தாய்மார்கள் கண்ணீர் விட்டார்கள். கண்ணீருக்குக் காரணம் தயிர் சாதம் என்று அவர்களுக்கு யார் சொல்லுவது!

சங்கீதம் அமைத்த ஸி. ஆர். சுப்பராமன் படம் வெளிவருவதைக் காணாமலே 1952-ல் இளம் வயதில் காலமாகிவிட்டார். விடுபட்ட வேலையை அவருடைய உதவியாளராயிருந்த விசுவநாதன், ராமமூர்த்தி இருவரும் முடித்துக் கொடுத்தார்கள். கண்டசாலாவின் குரலில் அந்தப் பாட்டுகள் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் தெருத்தெருவாக ஒலித்தன.

படத்தின் வெற்றிக்கு ஓர் அடையாளம், அது நம் பாஷைக்கு ஒரு சொல்லைக் கொடுத்தது. நாலு நாள் க்ஷவரம் செய்யாமல் ஒருவன் முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தால், "என்னடா தேவதாஸ்!" என்கிறோம். கேலிச் சித்திரக்காரர்கள் தாடி, சால்வை, பக்கத்தில் ஒரு நாய் என்று வரைந்துவிட்டால் போதும். கீழே பெயர் எழுத வேண்டியதில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் சித்திரத்தில் எப்போதும் தேவதாஸ் மட்டுமே இருக்கிறான். பார்வதி இல்லை. காதலில் தோற்றவர்கள் இருவர். ஒருவன் குடித்தான்; மற்றொருத்தி மறுநாளே எழுந்து, தனக்கு மூத்த பிள்ளைகளுக்குத் தாயாகி, பெரிய குடும்பத்தின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். உலகம் முதலாமவனுக்கு மட்டும் பட்டம் சூட்டிற்று.

இரண்டு பெண்கள்

ஹிந்தித் தேவதாஸின் காமிராவுக்குப் பின்னால் அந்த நாளில் நின்றவர் பிமல் ராய். இருபது வருஷங்களுக்குப் பிறகு, 1955-ல், பம்பாயில் அவரே டைரக்டராக அந்தக் கதையை மறுபடியும் எடுத்தார். திலீப் குமார் தேவதாஸ், சுசித்ரா ஸென் பார்வதி, நமது வைஜயந்திமாலா சந்திரமுகி, மோதிலால் சுனிலால். ஸசின் தேவ் பர்மன் சங்கீதம். முன்னோரை மறவாமல், பரூவா, ஸைகல் இருவரின் நினைவுக்கும் அந்தப் படத்தை அர்ப்பணித்தார் பிமல் ராய்.

அவர் நாவலின் பள்ளிக்கூட நாட்களை விடாமல் காட்டினார். அதனால் பின்னால் வரும் பிரிவுக்கு ஓர் அடித்தளம் கிடைத்தது. நாவலில் இல்லாத ஒரு காட்சியையும் சேர்த்தார். புத்தகத்தில் பார்வதியும் சந்திரமுகியும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. படத்தில் கிராமத்துச் சாலை ஒன்றில் எதிர்ப்படுகிறார்கள். ஒருத்தி பல்லக்கில் போகிறாள். மற்றொருத்தி நடந்து வருகிறாள். கண்கள் சந்திக்கின்றன. அவ்வளவுதான். யார் என்று கேட்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, கடந்து போய்விடுகிறார்கள். பேசாமை நிறைந்த கதைக்கு, பேசாத காட்சி ஒன்றைச் சேர்த்தார். சரத் சந்திரர் அதைப் பார்த்திருந்தால் இதை எழுத மறந்துவிட்டோமே என்று நினைத்திருப்பாரோ என்னவோ!

இந்தப் படத்துக்காக வைஜயந்திமாலாவுக்குத் துணை நடிகைக்குரிய பிலிம்பேர் பரிசு அளிக்க முன்வந்தபோது, அவர் பெற்றுக்கொள்ள மறுத்துவிட்டார். சந்திரமுகி துணைப் பாத்திரம் அல்ல. பார்வதிக்குச் சமமானவள் என்பது அவர் கட்சி. நாவலைப் படித்தவர்கள் அவர் கட்சியில்தான் சேருவார்கள்.

மாளிகையும் மறுபிறப்பும்

2002-ல் ஸஞ்ஜய் லீலா பன்ஸாலி எடுத்த படத்தில் தேவதாஸ் கல்கத்தாவிலிருந்து வருவதில்லை, லண்டனிலிருந்து வருகிறான். பெண்ணைக் கொடுத்துப் பணம் வாங்க நேர்ந்த சக்கரவர்த்தி குடும்பத்தின் வீடு கண்ணாடிகள் இழைத்த மாளிகையாக மாறிவிடுகிறது. ஷாருக் கான், ஐசுவரியா ராய், மாதுரி தீக்ஷித் ஆகியோர் நடித்தார்கள். அதுவரையில் அவ்வளவு பணம் கொட்டி எடுத்த ஹிந்திப் படம் இல்லை என்று பேசப்பட்டது. கான் நகரத்துப் படவிழாவிலும் காட்டப்பட்டது. பிமல் ராய் படத்தில் மௌனமாகக் கடந்து சென்ற இரண்டு பெண்களும் இந்தப் படத்தில் சேர்ந்து நாட்டியம் ஆடுகிறார்கள். கண்ணுக்கு அது விருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் ஏழ்மை போய்விட்ட இடத்தில், இந்தக் கலியாணம் ஏன் நின்றது என்ற கேள்விக்கு விடையும் மங்கிவிடுகிறது. சமூகத்தின் கணக்குப் புத்தகத்தில் இருந்த காரணம், இரண்டு தாய்மார்களின் சண்டையாகச் சுருங்கிவிடுகிறது.

2009-ல் அனுராக் காச்யப் இன்னொரு வழியில் போனார். கதையை இந்தக் காலத்துப் பஞ்சாபுக்கும் டில்லிக்கும் கொண்டுபோனார். அவருடைய தேவ் சாகவில்லை. தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டது போதும் என்று சந்திரமுகியின் ஸ்தானத்தில் உள்ள பெண்ணோடு புது வாழ்வு தேடிப் போகிறான். எழுத்தைப் பார்த்தால் இதைவிட நாவலுக்குத் துரோகம் வேறில்லை. ஆயினும் ஒரு விஷயத்தில் இந்தப் படம் நாவலாசிரியருக்கு மிகவும் நெருங்கி வருகிறது. இவன் மெச்சத்தக்கவன் அல்ல, சீர்ப்பட வேண்டியவன் என்று கூசாமல் சொல்லுகிறது. நாம் மேலே சொன்ன நாலாவது ஆள் இங்கே வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறார்.

சாத்திய கதவு

கடைசியாக அந்த வாசலுக்கு வருவோம். நாவலில் தேவதாஸ் பாண்டுவா ஸ்டேஷனில் இரவில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்து ஹாதிபோதா வந்து, ஜமீன்தார் வீட்டுக்கு எதிரே அரசமரத்தடியில் உயிரை விடுகிறான். பிராமண தேகமாயிருந்தும் ஊரில் ஒருவரும் தொட முன்வரவில்லை. யாரோ எடுத்துக்கொண்டு போய், அரைகுறையாக எரித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இன்னார் என்று பார்வதிக்குத் தெரியும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அவள் ஓடுகிறாள், தடுக்கிறார்கள், மூர்ச்சையாகிறாள். மறுநாள் கண் விழித்து, இரவெல்லாம் இங்கேயா இருந்தார் என்ற அளவில் ஒரு வேலைக்காரியிடம் கேட்டுவிட்டு மௌனமாகிறாள்.

1955-ஆம் வருஷத்துப் படத்திலும் 2002-ஆம் வருஷத்துப் படத்திலும் அவள் ஓடி வரும்போது பெரிய வாசற்கதவு அவள் முகத்துக்கு நேரே சாத்தப்படுகிறது. சினிமாவுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு கிடையாது. பணம், குலம், மானம், ஊர்ப்பேச்சு எல்லாவற்றையும் ஒரு கதவாக்கி, நம் கண் முன்னே சாத்திவிடுகிறார்கள். கொட்டகையில் விம்மல் எழுகிறது.

அந்த விம்மலோடு படம் முடிந்துவிடுகிறது. புத்தகம் அங்கே முடியவில்லை. அரைகுறையாக எரிந்த உடலைக் காட்டாவிட்டால் சாவு அழகாகிவிடும் என்று சரத் சந்திரருக்குத் தெரிந்திருந்தது. ஆகையால் அதையும் எழுதினார். அதன் பிறகு, சாகும் சமயத்தில் நெற்றியைத் தொட அன்பான ஒரு கையாவது இருக்கட்டும், ஒரு சொட்டுக் கண்ணீராவது கிடைக்கட்டும் என்று எல்லா மனிதர்களுக்காகவும் யாசித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். காதலின் வெற்றி தோல்வியைப் பற்றி அவர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை.

தேவதாஸ் இன்னும் பலமுறை படமாவான், சந்தேகமில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கென்று ஒரு தேவதாஸை எடுத்துக்கொள்ளத்தான் போகிறது. எடுக்கட்டும், நாமும் பார்ப்போம். அந்தச் சமயத்தில் வீட்டிலுள்ள இளம் பிள்ளைகளின் கையில் டிக்கெட்டோடு புத்தகத்தையும் கொடுத்துவிடுவது நல்லது. தாடி வளர்ப்பதற்கு அதில் வழி சொல்லியிருக்கவில்லை. நள்ளிரவில் ஒருத்தி தன் மானத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நிற்கும்போது, யாராவது பார்த்தார்களா என்று கேட்காமல் இருப்பது எப்படி என்பதுதான் அதில் இருக்கிறது.